மாரி விடுமுறைக்கு எந்தக் கடற்கதை? சிறுவர் சாகசத் தொடர்கள் சிலவற்றை ஒப்பிட்டு ஒரு தெரிவு

ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு யாரும் பொழுதுபோக்கைத் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. கடல் அமைதியாக இருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மாலை நேரங்கள் தாமாகவே நிறைந்துவிடும். டிசெம்பர் விடுமுறை அப்படியன்று. வாடைக்காற்றோடு மழை வந்து சேரும் அந்த வாரங்களில் வள்ளங்கள் கரையேற்றப்பட்டிருக்கும், பிள்ளைகளோ வீட்டுக்குள் கைத்தொலைபேசித் திரைகளோடு அடைபட்டிருப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் தரம் 5 முதல் தரம் 8 வரையான பிள்ளைகளுக்கு உலகப் புகழ்பெற்ற சாகசக் கதையொன்றின் தொலைக்காட்சி வடிவத்தை மாலைதோறும் திரையிட்டு, கதை முடிந்தபின் அதன் நூலை அவர்கள் கையில் கொடுப்பது என்ற யோசனை பெற்றோரிடையே சில காலமாகப் பேசப்பட்டு வருகிறது. யோசனையில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கதை, அதிலும் எந்த வடிவம் என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. அந்தத் தெரிவை நிதானமாகச் செய்ய உதவவே இதை எழுதுகிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982 இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பின்னர் சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்தவின் முயற்சியால் பிறநாட்டுச் சிறுவர் தொடர்கள் சிங்களக் குரலில் வந்தன. வெறும் மொழிமாற்றமாக அல்லாமல், அந்த மண்ணின் பேச்சும் பாட்டும் கலந்த புத்தாக்கங்களாகவே அவை அமைந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்காக இங்கே அத்தகைய ஒரு மரபு வேரூன்றவில்லை. ஆகவே நாம் எதைத் தெரிந்தாலும், ஆங்கிலத்தையோ ஜப்பானிய மொழியையோ கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அருகிலிருந்து ஒருவர் தமிழில் கதை சொல்ல வேண்டியிருக்கும். கூத்தில் கட்டியகாரன் செய்யும் வேலை அது: ஆட்டத்தைக் குழப்பாமல் இடையில் வந்து, வேண்டியதை மட்டும் சொல்லி ஒதுங்க வேண்டும். ஒரு தொடர் அதற்கு இடம் கொடுக்கிறதா, அல்லது இடைவிடாத பேச்சால் அந்த இடத்தை அடைத்துவிடுகிறதா என்பதே என் முதல் அளவுகோல். காட்சி முடிந்தபின் பிள்ளைகள் தங்களுக்குள் வாதிட அந்தத் தொடர் ஏதாவது விட்டுச்செல்கிறதா என்பது இரண்டாவது. தயாரிப்பின் பகட்டையும் படப்பிடிப்பின் புதுமையையும் இவற்றுக்குப் பின்னரே கணக்கில் எடுக்கிறேன்.

பெற்றோரில் பலர் முதலில் சொல்லும் பெயர் எனிட் பிளைட்டனின் ஐவர் குழு. நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் துப்புத் துலக்கும் அந்த 21 நூல்களும் 1942 முதல் 1963 வரை வெளிவந்தவை. ஆங்கிலத்தில் படித்த ஒரு தலைமுறைக்கு அவையே முதல் நாவல்கள். தொலைக்காட்சியில் அவற்றுக்கு மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. 1978–79 இல் இங்கிலாந்தின் சதேர்ன் தொலைக்காட்சி தயாரித்த தொடர், கதைகளை அன்றைய காலத்துக்கே கொண்டுவந்து, எழுபதுகளின் உடையிலும் வாகனங்களிலும் காட்டியது. ஆனால் குழு ஒன்றுசேரும் முதல் நூலே அதில் இல்லை. அதன் திரையுரிமை வேறு நிறுவனத்திடம் இருந்தது. 1995 இல் தொடங்கிய தொடர் கதைகளை ஐம்பதுகளிலேயே வைத்து 21 நூல்களையும் எடுத்துக்கொண்டது. 2023 இல் பிபிசியில் வந்தது மூன்றாவது வடிவம். நிக்கொலஸ் வின்டிங் ரெஃப்ன் உருவாக்கிய அது ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீளும் பகுதிகளாக அமைந்து, மூலக் கதைகளை விட்டு வெகுதூரம் சென்று, பிள்ளைகளின் துப்பறிதலைப் பெரியவர்களின் திகிற்படம் போல ஆக்கிவிடுகிறது. இம்மூன்றில் ஒன்றைத் தெரிய வேண்டுமானால் 1995 இன் தொடரையே தெரிவேன். பெரும்பாலும் ஒரு மாலையில் ஒரு கதை முடிந்துவிடும். ஒருநாள் வராத பிள்ளை மறுநாள் வந்து திகைக்க வேண்டியதில்லை. தன்னை ஜோர்ஜினா என்று அழைப்பவருக்குப் பதில் சொல்ல மறுத்து, தனக்கென ஒரு தீவையும் படகையும் வைத்திருக்கும் ஜோர்ஜை நம் பெண்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. எனினும் பிளைட்டனின் கதைகளில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிகம் யோசிக்க வேண்டியிருப்பதில்லை. முரட்டுப் பேச்சு, அழுக்கு உடை, வேற்று நாட்டுச் சாயல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அவனை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று இனத்தவரும் ஒரே சந்தையில் கூடி வாழும் நகரத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தை நாமே ஊட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தரம் 5 இலும் சிறிய பிள்ளைகளுக்கு, அதுவும் பேசித் தெளிவுபடுத்தும் ஒருவர் உடனிருந்தால், இது பொருந்தும்.

ரொபின்சன் குரூசோவைப் பரிந்துரைப்பவர்களின் பக்கத்தில் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது; அந்த நியாயம் திருகோணமலைக்கே உரியது. 1659 நவம்பரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைச் சரிசெய்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. மறு ஆண்டில் கப்பற்தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் உட்படப் பதினாறு பேர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தந்தை சிறைப்பட்ட நிலையில் காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் தங்கி, தொப்பி பின்னியும் சில்லறை வியாபாரம் செய்தும் பிழைத்து, 1679 இல் அனுராதபுரக் காடுகளூடாக மல்வத்து ஓயாவைப் பின்பற்றி மன்னார்ப் பக்கத்துக் கரையூரான அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் வெளிவந்த அவருடைய நூலைக் குரூசோவின் ஆசிரியர் டானியல் டீஃபோ அறிந்திருந்தார். 1720 இல் எழுதிய மற்றொரு நாவலில் நொக்ஸின் கதையை வெளிப்படையாகவே எடுத்துச் சொல்கிறார். 1719 இல் வந்த குரூசோவுக்கு, பசிபிக் தீவொன்றில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்திருந்த அலெக்சாந்தர் செல்கேர்க்கையே முன்மாதிரியாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நொக்ஸின் சாயலும் அதில் உண்டென்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த இளைஞன் கரையிறங்கிய குடா எங்கள் பிள்ளைகள் தினமும் காணும் குடா. இதைச் சொல்லாமல் அவர்களுக்குக் குரூசோவின் கதையைச் சொல்வது பெரும் இழப்பு.

தொலைக்காட்சியில் குரூசோ என்றால் 1964 இல் பிரான்சில் உருவான தொடரே இன்றும் முதலில் நிற்கிறது. கனாரித் தீவுகளில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, ரொபர்ட் ஹொஃப்மான் நடித்த அது, ஆங்கிலத்தில் 13 பகுதிகளாக 1965 முதல் பிபிசியில் ஒளிபரப்பாகி, விடுமுறைக் காலங்களில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. என் முதல் அளவுகோலின்படி இதற்கு நிகர் வேறில்லை. ஒரு மனிதன் தனியே வேலிகட்டுகிறான், ஆடு வளர்க்கிறான், படகு செதுக்குகிறான். பின்னணியில் கதைசொல்லும் குரல் ஒன்று மட்டும் கேட்கிறது. அந்தக் குரலுக்குப் பதிலாகத் தமிழ்க் குரலை வைத்தால் குறையொன்றும் தெரியாது. ரொபர்ட் மெலினும் ஜான் பியரோ ரெவர்பெரியும் அமைத்த அலையிசையும் மொழி கடந்தது. தயங்க வைப்பவை இரண்டு. ஒன்று, கறுப்பு வெள்ளைப் படத்தை முதற் பத்து நிமிடங்களுக்கு மேல் பொறுமையோடு பார்க்க இன்றைய பிள்ளைகள் பழகியவர்கள் அல்லர். பழக்கலாம், ஆனால் விடுமுறையின் முதல் வாரமே அந்தப் பழக்கத்தில் போய்விடும். மற்றையது இன்னும் கனமானது. நாவலில் குரூசோ கப்பலேறியதே ஆபிரிக்காவில் அடிமைகளை வாங்கிவரத்தான். தீவில் தான் காப்பாற்றும் பழங்குடி இளைஞன் ஃப்ரைடேயைச் சந்தித்ததும் தன்னை ‘எஜமான்’ என்று அழைக்கக் கற்பிக்கிறான். இதை மறைத்துக் கதை சொல்வது நேர்மையன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க முனைந்தால் கதையின் ஓட்டம் நின்றுவிடும். தரம் 9 க்கு மேற்பட்ட மாணவர்களோடு, நொக்ஸின் நூலையும் அருகில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் செய்யவேண்டிய வேலை அது.

ஜூல்ஸ் வேர்ண் படைத்த நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கப்டன் நேமோவையும் சிலர் முன்வைக்கிறார்கள். 2024 இல் வெளிவந்த 10 பகுதித் தொடரில் ஷசாத் லதீஃப் நேமோவாக நடிக்க, அவர் இந்திய இளவரசர் என்பது கதையின் மையத்துக்கே கொண்டுவரப்படுகிறது. வேர்ண் தம் பிற்கால நாவலொன்றில் சொன்ன உண்மைதான் அது. 1870 இன் மூல நாவலில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, அவன் கையில் முத்துப் பையொன்றை நேமோ வைக்கும் அத்தியாயத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பேன். தொடரோ சண்டையும் வேகமும் மிகுந்தது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே ஏற்றது.

ஜப்பானின் நிப்பொன் அனிமேஷன் நிறுவனம் 1981 இல் 50 பகுதிகளாக எடுத்த சுவிஸ் குடும்ப ரொபின்சன் தொடரை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன். யோகான் டேவிட் வீஸின் 1812 நூலில் நான்கு ஆண்பிள்ளைகள். தொடரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் பிறந்த ஃபுளோனே என்ற பத்து வயதுச் சிறுமி கதையின் நடுநாயகமாகிறாள். துடுக்கானவள், தவறு செய்பவள், கண்டிக்கப்படுபவள், ஆனாலும் சோர்ந்து போகாதவள். அச்சத்தை வெல்ல முயலும் தாய் இத்தொடரில் பெறும் இடம் வேறெந்தத் தீவுக் கதையிலும் தாய்மாருக்குக் கிடைப்பதில்லை. மரத்தில் வீடு கட்டுவதும், உப்புக் காய்ச்சுவதும், மெழுகுவர்த்தி செய்வதும் அவசரமின்றிக் காட்டப்படுகின்றன. ஆனால் இருபது மணி நேரத்தை நெருங்கும் தொடரை ஒரு விடுமுறைக்குள் மண்டபத்தில் முடிக்க இயலாது. கப்பல் உடையும் புயற்காட்சிகளும் அதில் நீண்டவை. 2004 இன் கடற்கோளை இந்தக் கரையில் கண்ட பெற்றோரும் பாட்டிமாரும் பிள்ளைகளோடு வந்து அமரும் மண்டபத்தில் அவற்றை முன்னறிவிப்பின்றித் திரையிடக் கூடாது. இந்தத் தொடர் வீட்டுக்குரியது: தாயும் பிள்ளையும் அருகருகே இருந்து, நாளுக்கொன்றாக, மாரி முழுவதும் பார்ப்பதற்கு ஏற்றது.

இனி என் தெரிவுக்கு வருகிறேன். ரொபர்ட் லூயி ஸ்டீவன்சனின் புதையல் தீவு 1881–82 இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வந்து 1883 இல் நூலானது. தொடராகவே பிறந்த கதை என்பதால் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த நாளுக்கான ஆவலை அது விட்டுச்செல்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப இதை நாடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 1966 இல் ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து நான்கு பகுதிகளாக எடுத்தன. 1977 இல் பிபிசி நான்கு பகுதிகளாக எடுத்ததில் ஒற்றைக் காலுள்ள கப்பற் சமையற்காரர் சில்வராக அல்ஃப்ரட் பேர்க் நடித்தார். அது நன்றாக எழுதப்பட்ட, உரையாடல் மிகுந்த நாடகம், ஆகவே அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல அடுத்த வசனம் கடந்துபோய்விடும். 1988 இல் கியெவ் நகரில் டேவிட் செர்காஸ்கி இயக்கிய இரண்டு பகுதி அனிமேஷன் படம் பிள்ளைகளைக் குலுங்கிச் சிரிக்க வைக்கும். இடையிடையே நடிகர்கள் தோன்றி மதுவின் கேட்டையும் புகையின் கேட்டையும் பாடுவார்கள். ஒருநாள் மாலைக்கு அது போதும். ஆனால் அதில் சில்வர் கேலிச்சித்திரம் மட்டுமே. 2012 இன் இரண்டு பகுதித் தொடரில் எடி இசார்டின் நடிப்பு உயர்ந்தது. எனினும் வன்முறை மிகுந்தது. நல்ல மனத்தோடும் வாய்த் தவறுதலோடும் படைக்கப்பட்ட, புதையல் பயணத்தை ஏற்பாடு செய்யும் கனவான் ட்ரெலோனி அதில் பேராசைக்காரராக்கப்படுகிறார். நல்லவர் பக்கத்தையும் கறுப்பாக்கிவிட்டால், யாரை நம்புவது என்று கதையை நடத்தும் சிறுவன் ஜிம் படும் பாட்டுக்குப் பொருளில்லாமல் போய்விடுகிறது.

1978–79 இல் ஜப்பானில் ஒசாமு டெசாகி இயக்கிய 26 பகுதி அனிமேஷன் தொடரே என் தெரிவு. டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஜிம்மோடு பென்போ என்ற சிறுத்தைக்குட்டி ஒன்று பயணம் செய்கிறது. நாவலில் சில வரிகளே பேசும் கிரே என்ற கப்பலாள் இங்கே மறக்க முடியாத வீரனாகிறான். நூலில் இல்லாத இவற்றைக் குறையாகச் சொல்வோர் உண்டு. சிறுத்தைக்குட்டி சிறிய பிள்ளைகளுக்கான இரை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையின் உயிர்நாடியை இந்தத் தொடர் பிடித்த பிடியை வேறெந்த வடிவமும் பிடிக்கவில்லை.

அந்த உயிர்நாடி புதையலில் இல்லை. தந்தையை இழந்த சிறுவன் ஒருவன், ஒற்றைக் காலோடு கப்பலில் சமையல் செய்யும் ஒருவரைத் தன் உள்ளத்தில் தந்தையின் இடத்தில் வைக்கிறான். பிறகொருநாள் அப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி, அதே மனிதர் கொலைக்குத் திட்டமிடுவதைக் கேட்கிறான். அதற்குப் பின்னரும் சில்வர் அவனிடம் அன்பாகவே இருக்கிறார். அந்த அன்பும் பொய்யன்று. சதிகாரன் என்றால் அன்பு நடிப்பாகத்தான் இருக்க வேண்டும், அன்பு மெய் என்றால் சதிக்கு ஏதாவது நியாயம் இருக்க வேண்டும் என்று பிள்ளை மனம் முடிவு தேடும். ஸ்டீவன்சன் இரண்டு வழியையும் அடைத்துவிடுகிறார். டெசாகியின் சில்வர் அகன்ற தோளும் உரத்த சிரிப்பும் கொண்டவர். ஜிம் அவரை ஏன் வியக்கிறான் என்பதைப் பார்வையாளரும் உடலாலேயே உணர்வார்கள். அதனால் துரோகமும் அதே அளவுக்குத் தாக்கும். நாவலில் சில்வர் ஒரு பை நாணயத்தோடு தப்பி மறைகிறார், பிறகு அவரைப் பற்றிச் செய்தியில்லை. தொடரோ பல ஆண்டுகளின் பின் வளர்ந்த ஜிம்மை அவர் முன் நிறுத்துகிறது. இந்தச் சேர்க்கையை நான் ஏற்கிறேன்; சில்வரை மன்னித்துவிடவும் இல்லை, தண்டித்து மகிழவும் இல்லை என்பதால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. போர்க்காலத்துக்குப் பின் வளரும் நம் பிள்ளைகள், ஒருவரே ஒரு வீட்டுக்கு நல்லவராகவும் இன்னொரு வீட்டுக்குக் கொடியவராகவும் இருந்த கதைகளைப் பெரியவர்களின் அரைகுறைப் பேச்சிலிருந்து கேட்டே வளர்கிறார்கள். அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு கதை தேவை. எங்கோ தொலைவில், எவருடைய பெயரையும் சொல்லாமல், அந்தப் பேச்சுக்கு இந்தக் கதை வழி விடுகிறது.

மொழி அளவுகோலிலும் இது தேறுகிறது. முக்கியமான தருணத்தில் காட்சியை நிறுத்தி, அதையே கையால் தீட்டிய ஓவியமாக மாற்றுவது டெசாகியின் தனி முத்திரை. ஒவ்வொரு நிறுத்தமும் கதைசொல்லிக்குக் கிடைக்கும் மூச்சு. ஜப்பானியக் குரலையும் ஆங்கில எழுத்துகளையும் தொடர முடியாத பிள்ளை, அந்த ஓவியத்தையும் அருகிலிருந்து வரும் தமிழையும் கொண்டே கதையை முழுதாகப் பெற்றுக்கொள்ளும்.

இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடற்கொள்ளையர் குடிக்கிறார்கள், குத்துகிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் குடி இக்கதையில் எவரையும் உயர்த்துவதில்லை. கதைத் தொடக்கத்தில் வரும் பழைய கொள்ளையன் பில்லி போன்ஸைக் கொல்வதும், தீவில் கொள்ளையரை வலுவிழக்கச் செய்வதும் அதுவே. வருவதற்கு முன் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட்டால் போதுமானது. புதையல் ஆசையை இது தூண்டாதா என்பது இரண்டாவது. புதையல் தோண்டியவர்கள் கைதான செய்தி அடிக்கடி பத்திரிகையில் வரும் நாடு இது. தொல்பொருட் சட்டம் அதைக் குற்றமாக்கியிருப்பதைப் பெரிய பிள்ளைகள் அறிவார்கள். ஆகவே இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதைவிட மண்டபத்திலேயே எழுப்பிப் பேசுவதுதான் நல்லது. கதையில் தோண்டுபவர்கள் காண்பதும் வெறும் குழியைத்தான்.

நாளுக்கு இரண்டு பகுதிகளாகக் காட்டினால் பதின்மூன்று மாலைகளில் தொடர் முடியும். நத்தாரையும் இரண்டொரு பெருமழை நாட்களையும் விட்டாலும் விடுமுறைக்குள் அடங்கும். அப்பிள் பீப்பாய்க் காட்சி வரும் மாலையில் ஒரு பகுதியோடு நிறுத்தி, எஞ்சிய நேரத்தில் நூலின் அதே அத்தியாயத்தைத் தமிழில் உரக்க வாசித்து, பிள்ளைகளைப் பேசவிட வேண்டும்; அதனால் ஒரு மாலை கூடும். கதைசொல்லியாக ஒருவர் போதாது. பெரியவர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணவியொருவரும் மாறிமாறிச் சொன்னால் குரலும் களைக்காது, சிறியவர்களும் நெருங்கி வருவார்கள். தரம் 5 க்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சனிக்கிழமைக் காலையில் 1995 இன் ஐவர் குழுவைத் தனியாகக் காட்டலாம். நொக்ஸின் கதையை இந்த விடுமுறைக்குள் திணிக்க வேண்டாம். தை மாதத்தில் மழை விட்டதும் கிண்ணியாப் பாலம் வழியாக மூத்த பிள்ளைகளை மூதூருக்கு அழைத்துச் சென்று, குடாவின் அந்தக் கரையில் வைத்தே அதைச் சொல்லி, குரூசோவை அடுத்த விடுமுறைக்குத் தொடங்கலாம்.